கொடுமுடியில் ஒரு லட்சம்

அரிதாரம் – வரலாற்றுத் தொடர்

போன வாரம் சங்கரதாஸ் சுவாமிகளை நீர்த்துறையில் நிறுத்திவிட்டுப் போனேன். ஏழு நாள் காத்திருந்தீர்கள். இனிமேலும் காக்க வைக்கக் கூடாது.

விடியற்காலை. இரவு முழுக்க நாடக மேடையில் சனீஸ்வரன் வேடம். உடம்பெல்லாம் கரியும் எண்ணெயும். அதே கோலத்தில் கழுவிக்கொள்ளத் தண்ணீருக்கு வருகிறார். துணி வெளுக்க வந்த ஒரு பெண் அரையிருட்டில் அந்த உருவத்தைப் பார்க்கிறாள். அலறுகிறாள். விழுகிறாள்.

எழுந்திருக்கவே இல்லை.

மேடை உலகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி இது. எமன் வேடத்தில் அவர் பாசக்கயிற்றோடு பாய்ந்தபோது கொட்டகையில் ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்தது என்றும் கூடவே சொல்வார்கள். அதற்குப் பிறகு சுவாமிகள் வேடம் கட்டவில்லை. வாத்தியார் ஆனார்.

தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிய கை அது. இப்போது நாடகம் எழுதிக் குவித்தது. எழுதினால் போதுமா? நடிக்க ஆள் வேண்டுமே. பெரிய நடிகர்கள் அவரவர் இஷ்டத்துக்கு வசனத்தை நீட்டினார்கள். ஒழுங்காக ஒத்திகைக்கு வரவில்லை. சுவாமிகளுக்குப் பொறுக்கவில்லை. சின்னப் பையன்களைச் சேர்த்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை எழுந்தது. ஊர் அதைப் பாய்ஸ் கம்பெனி என்றது.

அங்கே ராஜபார்ட்டும் பையன்தான், ஸ்திரீபார்ட்டும் பையன்தான். வள்ளி, தமயந்தி, சாவித்திரி, எல்லாம் பையன்கள். சவுரி முடி, மூக்குத்தி, கண்ணுக்கு மை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பத்து வயதுப் பிள்ளை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களே தங்கள் நடையைத் திருத்திக்கொள்வார்களாம்.

அந்தப் பையன்களில் ஆறு வயது டி.கே. சண்முகமும் ஒருவர். அவருடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்துக்குப் பெயர் போனவர். இந்தச் சண்முகத்தை மறக்காதீர்கள். அவரிடம் நமக்கு வேலை இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி குறுக்கே வருகிறது. காயல்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பியது. தங்கள் ஊரில் சினிமாக் கொட்டகையே கிடையாது என்று காயல்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஊரிலிருந்து சினிமாவைப் பற்றிய கேள்வி! 'ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் நடித்ததை எல்லாம் சொல்கிறீர்கள். வேடத்துக்காக இல்லாமல், பிறப்பிலேயே அப்படி உணர்ந்து வாழ்ந்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்திருப்பார்களே? அவர்களை சினிமா எப்படிக் காட்டியது?'

கேள்வி நேராக நெஞ்சுக்கு வருகிறது. பதில் சொல்ல உங்களைக் கொடுமுடிக்கு அழைத்துப் போக வேண்டும். போகிற வழியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு நிமிடம் இறங்குவோம்.

மோட்டார் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த நடராஜ முதலியார் அங்கே ஸ்டூடியோ போட்டு ஊமைப்படம் எடுத்தார். தென்னாட்டில் எடுத்த முதல் கதைப்படம். பெயர் 'கீசக வதம்'. கதை விராட பருவம். அது எந்த வருஷத்துக் கதை, நினைவிருக்கிறதா? பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த வருஷம். வில்லைக் கழற்றி வன்னி மரத்தில் வைத்துவிட்டு, அர்ஜுனன் பிருகன்னளையாக, ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல், அந்தப்புரத்தில் நாட்டியம் கற்றுக்கொடுத்த வருஷம்!

நம் சினிமாவின் முதல் படமே பிருகன்னளை வாழ்ந்த அரண்மனைக்குள் நுழைந்தது. ஆனால் கேமரா பீமன் பின்னால் போனது. படத்தின் தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது.

இனி கொடுமுடி.

காவிரிக் கரை. வெள்ளைப் புடவையில் ஒரு பெண். நகை இல்லை. பொட்டு இல்லை. ஊரே பைத்தியமாகக் கேட்ட குரல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறது.

கே.பி. சுந்தராம்பாள்.

கிட்டப்பா போய்விட்டார். செங்கோட்டைக் கிட்டப்பா. நம் தென்சீமைப் பிள்ளை. கொழும்பில் இவரோடு மேடையேறி, உச்ச ஸ்தாயியில் இவரோடு மோதி, இவரையே மணந்து, இவரோடு பிணங்கி, 27 வயதில் செத்துப்போனார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்றைக்கு ஒரு விரதம் எடுத்தார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை.

அந்த வீட்டு வாசலில்தான் பணக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். அசன்தாஸ் கிளாசிகல் டாக்கீஸ்காரர்கள். படம் எடுக்க வேண்டும். சுந்தராம்பாள் நடிக்க வேண்டும்.

ஏன் இவரேதான் வேண்டும்? காரணம் தொழிலில் இருக்கிறது. பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடே அப்போது இல்லை. கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும், மைக் அதைப் பிடிக்க வேண்டும். முகம் எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம். தொண்டை இல்லாவிட்டால் படம் இல்லை. யாருடைய இசைத்தட்டு விற்கிறதோ அவரே நாயகன், அவரே நாயகி. தமிழ்நாட்டில் சுந்தராம்பாளின் தட்டு விற்றதுபோல் வேறு எது விற்றது?

சுந்தராம்பாள் முடியாது என்கிறார்.

அவர்கள் போகவில்லை.

மறுபடியும் கேட்கிறார்கள். மறுபடியும் முடியாது. வீட்டுக்கு வந்தவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியுமா? மரியாதையாக அனுப்பிவைக்க ஒரு வழி வேண்டும். கேட்டவுடன் தலைதெறிக்க ஓடும்படி ஒரு தொகை சொன்னால் என்ன?

ஒரு லட்சம் ரூபாய்.

ஒரு பவுன் ஏறக்குறைய இருபத்தைந்து ரூபாய்க்குக் கிடைத்த காலம். ஒரு லட்சம் என்றால் நாலாயிரம் பவுன். அவ்வளவு பணத்தை ஒரு நடிகருக்கு இந்த நாட்டில் யாரும் கொடுத்ததில்லை. சொல்லிவிட்டு சுந்தராம்பாள் நிம்மதியாக இருந்திருப்பார். இனி வாசல் காலியாகிவிடும்.

சரி என்றார்கள்.

அந்த நொடியில் அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பணம் பெரிதுதான். ஆனால் பணம் மட்டும் அந்தப் பெண்ணை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்திருக்காது. விரதம் இருக்கிறதே! எந்த ஆணுக்கும் ஜோடி இல்லை என்ற விரதம். எந்தக் கதையை எடுத்தாலும் அதில் நாயகிக்கு ஒரு நாயகன் உண்டு. வள்ளி என்றால் முருகன். தமயந்தி என்றால் நளன். மேடையில் முருகனாக நின்றவர் கிட்டப்பா. அந்த இடத்தில் இன்னொருவரை வைத்துப் பார்க்க அவரால் முடியுமா?

அப்படியானால் ஒரே வழிதான் இருக்கிறது.

ஆணாக நடிப்பது.

நந்தனார்! திருநாளைப்போவார். சேரியில் பிறந்து, சிதம்பரத்தைப் பார்க்காமல் கண் மூடமாட்டேன் என்று துடித்த பக்தன். அவனுக்கு ஜோடி இல்லை. காதல் பாட்டு இல்லை. தில்லை ஒன்றுதான். இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் திருநீறு. வெள்ளைப் புடவையைக் கழற்றாமலே போட்டுக்கொள்ளக்கூடிய வேடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆண் வேடம் அவருக்குப் புதிதும் இல்லை. சின்னஞ்சிறுமியாக அவர் முதன்முதலில் மேடை ஏறியதே ஆண் பிள்ளையாகத்தான். 'நல்லதங்காள்' நாடகத்தில் மூத்த மகன். பசியால் துடித்துப் பாடும் அந்தப் பையனைப் பார்த்துத்தான் ஊர் இவரைக் கண்டுகொண்டது. பையனாகத் தொடங்கினார். இப்போது நந்தனாகத் திரும்பினார்.

கல்கத்தாவில் படப்பிடிப்பு. இயக்குநர் மாணிக்லால் டாண்டன். அவருக்கு ஒத்தாசையாக எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்க இளைஞர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. பின்னாளில் 'மீரா' எடுத்து நம்மையெல்லாம் உருகவைத்தவர் இவரேதான். நந்தனை ஆட்டிப்படைக்கும் வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர், கர்நாடக சங்கீத உலகத்தின் பெரிய வித்துவான்.

கதை உங்களுக்குத் தெரியும். கடைசியில் வேதியர் நந்தன் காலில் விழ வேண்டும்.

விழுந்தார்.

வெளியே வைதிகர்கள் கொதித்தார்கள். ஒரு பிராமண வித்துவான், பிராமணரல்லாத ஒரு பெண்ணின் காலில் விழுவதா? கவனியுங்கள். கதையில் விழுந்தது நந்தன் காலில். பார்த்தவர்கள் கண்ணில் விழுந்தது சுந்தராம்பாள் காலில். மேடையாக இருந்தால் நாற்பது அடி தூரம், மங்கிய வெளிச்சம், பாட்டில் எல்லாம் கரைந்துபோகும். கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வேடத்துக்குள் இருந்த ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

படம் ஓடவில்லை. எழுத்தாளர் கல்கி விமர்சனத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். படத்தில் வரும் எருமையும் மரமும் மற்றவர்களைவிட நன்றாக நடித்திருந்தன என்ற பாணியில் எழுதினார். ஆனாலும் நந்தனார் பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன.

இப்போது காயல்பட்டினத்து வாசகிக்கு வருகிறேன்.

அம்மா, நீங்கள் கேட்டவர்கள் இருந்தார்கள். இல்லாமல் இருந்தால் அவர்களைத் தண்டிக்கச் சட்டம் எதற்கு? 1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. கேட்டவுடன் நமக்குப் பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச்சூடு நினைவு வரும். அதே சட்டத்தில் இரண்டாவது பகுதி ஒன்று உண்டு. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. வட மாகாணங்களில் திருநங்கைகளின் பெயர்களைப் போலீஸ் பதிவேட்டில் ஏற்றினார்கள். அப்படிப் பதியப்பட்டவர் பெண் உடையோடு தெருவில் நடந்தால், பொது இடத்தில் ஆடிப் பாடினால், இரண்டு வருஷம் வரை சிறை.

மதுரையில் பெண் உடையோடு ஆடிய பையனுக்குக் கைத்தட்டல். வடக்கே பெண் உடையோடு ஆடியவருக்கு விலங்கு. இருவருக்கும் ஒரே சர்க்கார்.

வித்தியாசம் எங்கே? பையன் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவினான். சுந்தராம்பாளும் படப்பிடிப்பு முடிந்ததும் வெள்ளைப் புடவைக்குத் திரும்பினார். திரும்பிவிடுகிறவர்களை உலகம் கொண்டாடியது. கழுவ ஒன்றும் இல்லாதவர்களை, அதுவே தன் முகமாக இருந்தவர்களை, பதிவேட்டில் ஏற்றியது. பாய்ஸ் கம்பெனியில் சேலை கட்டிய நூற்றுக்கணக்கான பையன்களில் சிலருக்காவது அந்தச் சேலையை அவிழ்க்கும் நேரம்தான் வேதனையான நேரமாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மகரக்கட்டு என்று நாடகக்காரர்கள் சொல்வார்களே, குரல் உடையும் வயது, அது வந்ததும் பையனிடமிருந்து பெண் வேடத்தைப் பிடுங்கிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது வேலை போன வருத்தம். அந்தச் சிலருக்கு?

அதைச் சொல்ல ஒரு படமும் வரவில்லை.

வராமலே இருக்கவில்லையே, 'காவியத்தலைவன்' வந்ததே என்பீர்கள். வந்தது. வசந்தபாலன் ஆசையாக எடுத்த படம். சங்கரதாஸ் சுவாமிகளின் சாயலில் நாசர். கிட்டப்பா, சுந்தராம்பாள் சாயலில் சித்தார்த்தும் வேதிகாவும். ஒத்திகை, பாட்டு, திரை, தூசி எல்லாவற்றையும் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் கதையின் உயிர் ராஜபார்ட்டுக்கான போட்டியில் இருந்தது. குருவின் நாற்காலிக்கு அடுத்து யார்? அதுதான் கேள்வி. ஸ்திரீபார்ட்டின் மனசுக்குள் இறங்க அந்தப் படத்துக்கு நேரம் இல்லை. அதற்கென்று தனியாக ஒரு படம் வேண்டும். இன்னும் காத்திருக்கிறேன்.

வெள்ளைக்காரன் மட்டும் சரியாக எடுத்துவிட்டானா? லில்லி எல்பே என்ற டென்மார்க் ஓவியர். ஆண் என்று எண்ணி வளர்க்கப்பட்டவர். பெண்ணாக வாழ ஜெர்மனிக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஒன்றல்ல, நாலு. கடைசி அறுவை ஒத்துக்கொள்ளாமல் 1931 செப்டம்பரில் இறந்தார். அடுத்த மாதம்தான் நம் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வெளிவந்தது. அவ்வளவு பக்கத்துக் காலம்! 'தி டேனிஷ் கேர்ள்' என்று 2015இல் அவர் கதையைப் படமாக்கினார்கள். மனைவி கெர்டா கடைசி மூச்சுவரை பக்கத்திலேயே இருப்பதாகக் காட்டினார்கள். உண்மையில் திருமணம் முன்பே ரத்தாகிவிட்டது. கெர்டா ஓர் இத்தாலியரை மணந்து போய்விட்டார். நாலு அறுவை, படத்தில் இரண்டாகச் சுருங்கியது. லில்லியாக நடித்தவர் எடி ரெட்மேன் என்ற ஆண். அந்த வேடத்தை ஏற்றது தவறு என்று சில வருஷம் கழித்து அவரே சொன்னார்.

தமிழிலும் அதே பாதைதான். பின்னணிப் பாட்டு வந்தது. தொண்டை போய் முகம் முன்னால் வந்தது. பெண் வேடத்துக்குப் பெண்களே வந்தார்கள். அது நியாயம், வரவேண்டியதுதான். ஆனால் பெண் நடையோடு ஆண் உடம்பு திரையில் வந்தால் இனி ஒரே வேலை என்று ஆக்கிவிட்டார்கள். சிரிக்க வைப்பது. சுவாமிகளின் மேடையில் சாவித்திரியாக நின்று அழவைத்த அதே நடை, திரையில் கேலிக்கு மட்டும் பயன்பட்டது. பல பத்தாண்டுகள். கொட்டகையே சிரித்தபோது, இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களில் யார் யார் உள்ளுக்குள் சுருண்டார்களோ.

ஒரு திருநங்கையே கதாநாயகியாகக் கேமரா முன்னால் நிற்க 2011 ஆயிற்று. 'நர்த்தகி' படத்தில் கல்கி சுப்பிரமணியம். பிறகு 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ஷில்பாவாக விஜய் சேதுபதி வந்தார், தேசிய விருதும் வாங்கினார். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் ஷில்பா நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் ஷில்பாவை ஓர் ஆண்தான் நடிக்க வேண்டியிருந்தது. ஸ்திரீபார்ட் இன்னும் முடியவில்லை.

நிறைய தூரம் தாண்டி வந்துவிட்டேன். மதுரையில் ஓர் ஆறு வயதுப் பையனை விட்டுவந்தோமே. அவனிடம் போக வேண்டும்.

டி.கே. சண்முகம் வளர்ந்துவிட்டார். அண்ணன் தம்பிகளோடு சொந்தக் கம்பெனி. முப்பது வயது. நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் ஒரு வேடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். கிழவி வேடம். கூன் விழுந்த முதுகு, கையில் கோல், நெற்றியில் நீறு.

ஔவை.

கொட்டகை கொட்டகையாக நிரம்புகிறது. ஊர் அவருடைய பெயரையே மாற்றிவிடுகிறது. இனி அவர் ஔவை சண்முகம். ஒரு முழு ஆண்பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஒரு கிழவியின் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அதை அவர் வாழ்நாள் முழுக்கப் பெருமையாகச் சுமந்தார்.

அதே சமயம் சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ். வாசன் ஒரு முடிவுக்கு வருகிறார். ஔவையார் கதையைப் படமாக எடுப்பது. யானைகள், படைகள், நூற்றுக்கணக்கில் துணை நடிகர்கள். தமிழ்நாடு அதுவரை பார்க்காத செலவு. எல்லாம் தயார். ஒன்றே ஒன்று பாக்கி.

ஔவையாக யார்?

தமிழ்நாட்டு ஜனங்களுக்கு அப்போது ஔவை என்றால் ஒரே ஒரு முகம்தான் கண்ணில் வரும். அது ஆணின் முகம். நாற்பது அடி தூரத்தில் கும்பிட்ட அந்த முகத்தைக் கேமரா பக்கத்தில் வந்து பார்க்கத் துணியுமா? இல்லை, வாசன் வண்டியை வேறு ஊருக்குத் திருப்புவாரா?

வண்டி திரும்பியது. எந்த ஊருக்கு என்று உங்களில் பாதிப் பேர் இந்நேரம் சொல்லிவிட்டிருப்பீர்கள். ஆனால் அங்கே அவருக்காகக் காத்திருந்த பதில் என்ன?

அடுத்த வாரம்!